உருவமைப்பிற்கு உகந்த சுட்டுகருவி

கணினித் திரையிலே வீடும் பாலமும் யந்திர உறுப்புக்களும் முப்பரிமாணமாய்த் தோன்றுமாறு அமைத்துக் காணும் வித்தை நம் மாணாக்கருள் பலரை இந்நாளில் ஈர்த்து வருகின்றது. அவருள் ஒருவர் சென்ற பருவத்தில் வலக்கையை இடக்கையால் தாங்கியவண்ணம் எம்மிடம் வந்து, “ஐயா, எந்த மௌஸ் வாங்கினால் இந்த நோவு குறையும்?” என்று வினவினார். விசாரித்தபொழுது, அவர் இரண்டு திங்களாக ஒரு பாலத்தின் மாதிரி முழுவதையும் மடிக்கணினியின் தொடுபலகையைக் கொண்டே அமைத்து வந்தார் என்பது தெரிந்தது. அவர் கையிற் பொருள் மிகுதியில்லை. வாங்குவதாயின் ஒரு கருவிதான் வாங்கக்கூடும். அது தவறினால் அடுத்த ஆண்டு வரையிற் பொறுத்திருக்கவேண்டும். அன்று அவர்க்குச் சொல்லியதைச் சற்றே விரித்து ஈண்டு எழுதலாயினோம்.

கருவியை ஆராயுமுன் தொழிலை ஆராய்தல் வேண்டும். கடிதம் எழுதுவார்க்கும் கணக்கு எழுதுவார்க்கும் சுட்டுகருவியால் ஆகவேண்டுவது சுட்டுதல் ஒன்றே. உருவமைப்போர்க்கோ அவ்வாறன்று. ஒரு முனையையோ விளிம்பையோ தெரிந்தெடுப்பது ஒரு வேலை. எடுத்ததை இழுத்தும் நீட்டியும் உருவாக்குவது மற்றொரு வேலை. இவ்விரண்டிற்கும் இடையே, உருவத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, அணுகியும் விலகியும் பார்ப்பது மூன்றாவது வேலை. குயவன் சக்கரத்தில் வைத்த பானையைச் சுற்றவிட்டே வனைவதுபோல, இவரும் தம் உருவத்தைத் திருப்பாமல் ஒரு கோடும் சரிவர இடமாட்டார். தொடக்கநிலை மாணாக்கர் கருவி வாங்கும்போது முதலிரண்டையும் எண்ணுகின்றனரேயன்றி இம்மூன்றாவதை எண்ணுகின்றிலர். கை நோவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இத்திருப்புதல் எந்தப் பொத்தானைப் பற்றி நிற்கின்றது என்பது மென்பொருள்தோறும் வேறுபடும். பிளெண்டரில் நடுப்பொத்தானை அழுத்தியவாறே இழுத்தால் காட்சி திரும்பும். ஷிஃப்ட் விசையையும் உடனழுத்தினால் காட்சி பக்கவாட்டிற் பெயரும். ஸாலிட்வொர்க்ஸிலும் திருப்புவது நடுப்பொத்தானே. ஆட்டோகேடில் அதே பொத்தான் பெயர்த்தலுக்கும், ஷிஃப்டுடன் சேர்ந்தாற் சுழற்றலுக்கும் உரியது. மாயாவிலோ ஆல்ட் விசையோடு இடப்பொத்தான் அவ்வேலையைச் செய்யும். ஆகவே, எம்மென்பொருளைப் பயிலப்போகின்றோம் என்பதை நிச்சயியாமல் கருவி வாங்கச் செல்வது, காலை அளவாமற் செருப்பு வாங்கச் செல்வதை ஒக்கும்.

எக்கருவி சிறந்தது என்னும் இவ்வினா புதியதன்று. 1963-ஆம் ஆண்டில் ஐவான் ஸதர்லாண்டு என்பார் ஸ்கெட்ச்பேட் என்னும் வரைமுறையை வெளியிட்டபொழுது, ஒளிப்பேனா ஒன்றைத் திரைமீதே வைத்து வரைந்தார். காண்போர்க்கு வியப்பாயினும், நிமிர்ந்து நிற்கும் திரைக்கு நேரே கையை நெடுநேரம் உயர்த்திப் பிடிப்பது எளிதன்று. பின்னர் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் கருத்துப்படி பில் இங்கிலிஷ் 1964-இல் முதல் மௌஸைச் செய்தார். மரப்பெட்டியொன்று, அதன் அடியில் ஒன்றற்கொன்று குறுக்காக இரு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான். இவ்வளவே அக்கருவி. அந்நிலையத்தார் தம் கருவியை வாயாற் புகழ்ந்து அமையாது, ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், மேசையின் கீழிருந்து முழங்காலால் இயக்கும் கருவி முதலியவற்றோடு வைத்துச் சோதித்து 1967-இல் முடிவை வெளியிட்டனர். பழகியவர் கையில் மௌஸே விரைவிலும் பிழையின்மையிலும் முந்தியது. புதியவர்க்கோ ஒளிப்பேனாவும் முழங்காற்கருவியும் அதனினும் விரைவாயிருந்தன. முழங்கால் இவ்வளவு திறமுடையது என்று யார் எண்ணியிருப்பார்! முதல் நாளில் இனிதாய்த் தோன்றுவதே நூறாம் நாளிலும் இனிதாயிருக்கும் என்று கொள்ளலாகாது என்பது அச்சோதனையால் விளங்குகின்றது.

1954-இல் பால் ஃபிட்ஸ் என்னும் உளநூற் புலவர் கண்ட விதியொன்றும் ஈண்டு நினைக்கற்பாலது. கை ஒரு குறியைச் சென்றடைய எடுக்கும் காலம், குறி தொலைவாகுந்தோறும் மிகும். குறி சிறிதாகுந்தோறும் மிகும். உருவமைப்பில் நாம் தொடவேண்டிய முனையோ திரையில் ஒரு கடுகளவு. டி.பி.ஐ. என்னும் எண் பெரிதாயுள்ள மௌஸே சிறந்தது என்று கடைக்காரர் கூறுவர், இளைஞர் மயங்குவர். அவ்வெண் பெரிதாக வைக்கப்பட்டால் கை சிறிதசையினும் சுட்டுக்குறி நெடுந்தூரம் பாயும். கடுகளவு முனையைப் பிடிப்பது அரிதாகும். விளையாட்டிற்கென விற்கப்படும் விலையுயர்ந்த மௌஸுகளின் பெருமையில் ஒரு பங்கு இவ்வெண்ணே. நம் தொழிற்கு அதனால் ஆவது சிறிது.

மௌஸ் வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டுவது அதன் சக்கரத்தை. அச்சக்கரமே அழுத்தினால் நடுப்பொத்தானாகவும் அமைவது. மலிவான சிலவற்றில் அதனை அழுத்தக் கடும்பலம் வேண்டும். வேறு சிலவற்றில் அழுத்தும்போதே சக்கரம் ஒரு பல் உருண்டுவிடும். திருப்ப எண்ணிய காட்சி திடீரென்று அணுகிவரும். நாடொறும் பன்னூறு முறை ஆட்காட்டி விரலோ நடுவிரலோ இவ்வேலையைச் செய்யவேண்டியிருத்தலின், இக்குறை சிறிதன்று. கடையிலேயே சக்கரத்தை அழுத்திப் பிடித்தபடி மேசைமேல் வட்டமாக இரண்டு நிமிஷம் இழுத்துப் பார்க்குமாறு சொல்கின்றோம். கடைக்காரர் முகஞ்சுளிப்பர், சுளிக்கட்டும். விரல் அதற்குள் இளைத்தால் அதனை விட்டு வேறொன்றை எடுக்க. உள்ளங்கை முழுதும் அதன்மேற் படியவேண்டும். சிறு மௌஸைப் பெரிய கை பற்றினால் விரல்கள் நண்டுக்கால்போல் மடங்கி நிற்கும். இடக்கைப் பழக்கமுள்ளார் இருபுறமும் ஒத்த வடிவுள்ளதையே தேடுவாராக. கம்பியுள்ளதா இல்லாததா என்பது பெரிய விஷயமன்று. கம்பியுள்ளது மலிவு, மின்கலமும் வேண்டா.

மேசையில் இடமில்லாதார்க்கும், கையை அங்குமிங்கும் நகர்த்தினால் தோள் நோவார்க்கும் டிராக்பால் எனும் உருள்பந்துக் கருவி உண்டு. இது மௌஸுக்கு மூத்தது. 1952-ஆம் ஆண்டளவில் கானடா நாட்டுக் கடற்படையின் டாட்டார் என்னும் திட்டத்தில் அமைத்த உருள்பந்துக் கருவிக்கு, அந்நாட்டார் ஆடும் பௌலிங் ஆட்டத்தின் பந்தொன்றே பயன்பட்டது. இதில் கருவி அசையாது, பந்தே உருளும். ஆயினும் பொத்தானை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு பந்தை மற்றொரு விரலால் உருட்டவேண்டியிருத்தலின், இழுத்தலும் திருப்பலும் மிக்க நம் தொழிலில் இதற்குப் பழக்கம் நெடிது வேண்டும். கட்டைவிரலால் உருட்டுவதினும் பல விரல்களால் உருட்டும் பெரும்பந்து எமக்கு மேலாகத் தோன்றுகின்றது. மணிக்கட்டின் நோவை நீக்கப் புகுந்து கட்டைவிரலின் நோவை வாங்கிக்கொள்வதால் யாது பயன்?

மனித முகம், விலங்கு, துணிமடிப்பு இவைபோன்ற மென்மையான உருவங்களைச் சிற்பிபோற் செதுக்குவார்க்குப் பேனாவும் பலகையுமே தகும். ஜப்பானிய நிறுவனமாகிய வாக்கம் செய்யும் பேனாக்களுக்கு மின்கலம் வேண்டா. பலகையினின்று எழும் மின்காந்தப் புலமே அவற்றிற்குச் சக்தி தருகின்றது. மௌஸின் பொத்தானுக்கு அழுத்தியது, அழுத்தாதது என இரண்டே நிலை. பேனாவோ அழுத்தத்தின் மிகுதியையும் குறைவையும் அறியும். மெல்லத் தொட்டால் மெல்லிய கீறல், ஊன்றினால் ஆழ்ந்த பள்ளம். அன்றியும், பலகையின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கு நேராகும். இச்சிறப்பெல்லாம் செதுக்குதற்கே. பாலத்தின் தூணை இத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணால் அளந்து நிறுத்துவார்க்குப் பேனாவைப் பிடித்த கையே விசைப்பலகைக்கு இடையூறாகும்.

மற்றொரு கருவியையும் சொல்லாது விடலாகாது. ஜெர்மானிய விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தில் கெர்ட் ஹிர்ட்ஸிங்கரும் அவர் குழுவினரும், தொலைவிலுள்ள யந்திரக் கையை இயக்குதற்கென ஒரு கைப்பிடியை ஆக்கினர். 1993-இல் கொலம்பியா விண்கலத்திற் சென்ற சிறு யந்திரக் கையொன்றை அவ்வகைக் கைப்பிடியால் இயக்கிப் பார்த்தனர். அதன் வழிவந்ததே இன்று ஸ்பேஸ் மௌஸ் என்னும் பெயரால் விற்கப்படுவது. முன்பின், இடவலம், மேல்கீழ் ஆகிய மூன்று நகர்ச்சியும், மூன்று அச்சுக்களைப் பற்றிய மூன்று சுழற்சியும், ஆக ஆறு வகை அசைவினையும் ஒரே குமிழ் உணரும். இடக்கை இதனைப் பற்றி உருவத்தைத் திருப்ப, வலக்கை மௌஸால் வேலை செய்யும். வலக்கையின் சுமையிற் பெரும்பகுதி இவ்வாறு இடக்கைக்கு மாறுகின்றது. ஆனால் இது எதனையும் சுட்டாது. மௌஸுக்கு மாற்றன்று, துணையே. விலையோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்படும். இத்தொழிலாலே ஊதியம் பெறத் தொடங்கியபின் இதனை வாங்கலாம்.

இனி அம்மாணாக்கரிடம் திரும்புவோம். முதற்கண் அவரை வைத்தியரிடம் செல்லச் சொன்னோம். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போதல் மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டதன் அறிகுறியாகலாம். அதற்கு மருந்து கடையில் விற்கும் மௌஸன்று. நல்வேளையாக நரம்பிற்குத் தீங்கில்லை என்றும், மூன்று வாரம் கைக்கு ஓய்வு தரவேண்டும் என்றும் வைத்தியர் கூறினார். பிறகு சில நூறு ரூபாயில், கம்பியுள்ள மூன்று பொத்தான் மௌஸ் ஒன்றைச் சக்கரம் அழுத்திப் பார்த்தே வாங்கினார். அதற்கு முன் ஏழு மௌஸுகளை மேசைமேல் வைத்து இழுத்துப் பார்த்தாராம். சுட்டுக்குறியின் வேகத்தைக் குறைத்தோம். நாற்காலியின்மேல் ஒரு தலையணை இட்டு முழங்கை மேசையின் மட்டத்திற்கு வருமாறு செய்தோம். மேற்பார்வை, முன்பார்வை, பக்கப்பார்வை மூன்றையும் இடக்கையால் விசைப்பலகையிலேயே மாற்றப் பழக்கினோம். முதல் வாரத்தில் தொடுபலகையே விரைவாயிருந்தது என்று முறையிட்டார். ஆறாம் வாரத்தில் பாலத்தின் எஞ்சிய இரு கண்களையும் முடித்துக்கொண்டு வந்து காட்டினார். அப்பொழுது அவர் வலக்கையை இடக்கை தாங்கவில்லை.