பிரிண்ட் வரலையா? முதலில் க்யூவைப் பாருங்க!

சங்கரன்கோவிலில் கல்லூரிச் சேர்க்கை நேரம். மகளின் சாதிச் சான்றிதழையும் ஆதார் நகலையும் போனிலிருந்து கடைக்கு அனுப்புகிறீர்கள். பிரிண்ட் வரவில்லை. கடைக்காரர் மூன்று, நான்கு முறை பிரிண்ட் கொடுத்துப் பார்க்கிறார். அதற்குள் கரண்ட் போய்விட, நீங்கள் வேறு கடைக்குப் போய்விடுகிறீர்கள்.

பிரச்சினை முடிந்ததா? இல்லை. மாலையில் பிரிண்டர் சரியானதும் உங்கள் ஆதார் நகல் நாலு பிரதி வந்து விழும். அதை எடுப்பவர் யாரோ!

ஏன் இப்படி?

பிரிண்ட் கொடுத்த கோப்பு, கணினியில் 'க்யூ' எனும் வரிசையில் நின்றுதான் பிரிண்டருக்குப் போகும். ரேஷன் கடை வரிசை மாதிரிதான். முன்னால் நிற்பது நகராவிட்டால் பின்னால் இருப்பதும் நகராது. கணினியை அணைத்துப் போட்டாலும் வரிசை கலையாது.

வீட்டு லேப்டாப்பில் பழகலாம்

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் உண்டு. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது 'கப்ஸ்' மென்பொருள். டெர்மினலைத் திறந்து, இந்தக் கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இதே வரிசையில் தட்டுங்கள்:

1. எல்பிஸ்டாட் -பி: பிரிண்டரின் பெயரும் நிலையும் தெரியும். 'டிசேபிள்டு' என்று வந்தால் அது நிறுத்தப்பட்டிருக்கிறது.

2. எல்பிஸ்டாட் -ஓ: காத்திருக்கும் வேலைகள் தெரியும். ஒவ்வொரு வேலையின் பெயர்க் கடைசியிலும் ஓர் எண் இருக்கும்.

3. கேன்சல் 12: 12-ஆம் எண் வேலை மட்டும் ரத்தாகும். எல்லாவற்றையும் ரத்து செய்ய, கேன்சல் -ஏ.

4. கப்ஸ்எனேபிள், இடைவெளி விட்டு பிரிண்டர் பெயர்: நின்ற பிரிண்டர் மறுபடி ஓடும். அனுமதி இல்லை என்றால் முன்னால் 'சூடோ' சேர்த்து, கடவுச்சொல் கொடுங்கள்.

5. எல்பி -என் 2, பிறகு கோப்பின் பெயர்: இரண்டு பிரதி வரும்.

ரத்து செய்யாமல் பிரிண்டரை ஓட விட்டால், நின்றதெல்லாம் அச்சாகிவிடும். 3 முடிந்த பிறகே 4.

கோப்பும் அழிய வேண்டுமே!

கப்ஸின் புதிய பதிப்புகள், அச்சான கோப்பை வழக்கமாக ஒரு நாள் வரை வைத்திருக்கும். கேன்சல் -ஏ -எக்ஸ் கொடுத்தால் வேலைகளோடு அந்தக் கோப்புகளும் போய்விடும்.

கடையில் என்ன செய்வது?

விண்டோஸ் கணினி என்றால் பிரிண்டர் படத்தை இரண்டு முறை கிளிக் செய்தால் வரிசை தெரியும். கிளம்பும் முன், "அண்ணாச்சி, க்யூவுல என் பேப்பர் நிக்குதான்னு பாத்து கேன்சல் பண்ணிடுங்க. நான் அனுப்புன ஃபைலையும் அழிச்சிடுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இ-சேவை சான்றிதழ் மின்கையொப்பத்துடன் வருவது. தாள் கசங்கினாலும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம். போனில் பிடிஎஃப் பத்திரமாக இருந்தால், எங்கே வேண்டுமானாலும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.