விஞ்ஞானக் கதைப் படங்களில் காலக் கணக்கு

பெங்களூரு நகர மாவட்டத்தின் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை அடுத்து அமைந்துள்ள ஊர் ஆனேக்கல். அதன் தீர்க்கரேகை ஏறக்குறைய கிழக்கு 77.7 பாகை. இந்தியா முழுமைக்கும் பொதுவான நேரமோ 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. ஆகவே, ஆனேக்கலில் கடிகாரம் நண்பகல் 12 மணி காட்டிய பின்னர், ஆண்டுச் சராசரியில் 19 நிமிடம் கழிந்தே சூரியன் உச்சிக்கு வருகிறது. காலத்தைக் கூறும்போது, அஃது எந்தக் கடிகாரத்தின் காலம் என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும் என்பதற்கு இது எளிய சான்று. விஞ்ஞானக் கதைப் படங்களைக் காண்போருக்கும் இவ்விதியே பொருந்தும்.

மூவகைக் காலம்

இத்தகைய படங்களில் மூன்று காலங்கள் உள்ளன. முதலாவது, படம் ஓடும் நேரம். திரையில் விநாடிக்கு 24 படச்சட்டங்கள் தோன்றி மறைகின்றன. எனவே, இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 சட்டங்கள் அடங்கும். இரண்டாவது, கதை நிகழும் உலகத்தின் நாட்காட்டிக் காலம். மூன்றாவது, கதைமாந்தர் தாமே வாழ்ந்து கழிக்கும் காலம். இதனைச் சொந்தக் காலம் எனலாம். சமூகப் படங்களில் பின்னிரண்டும் ஒன்றாகவே செல்லும். விஞ்ஞானக் கதைப் படங்களிலோ இவை பிரிந்துவிடுகின்றன. அப்பிரிவே அவற்றின் தனித்தன்மை.

சில எடுத்துக்காட்டுகள்

வேற்றுலகத்தாரைத் தமிழ்த் திரையில் காட்டிய தொடக்ககாலப் படங்களுள் 1963-இல் வெளிவந்த "கலையரசி" ஒன்று. அதில் கோள்களுக்கிடையேயான நெடும்பயணம் சில காட்சிகளுக்குள் அடங்கிவிடுகிறது. இது காலச் சுருக்கம். 1968-இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய "2001: எ ஸ்பேஸ் ஒடிஸி" படத்தில், ஆதிமனிதன் வீசிய எலும்பு வானில் சுழல, அடுத்த சட்டத்திலேயே விண்கலம் தோன்றுகிறது. பல இலட்சம் ஆண்டுகள் ஒரு நொடிக்குள் தாண்டப்படுகின்றன.

1991-இல் வெளிவந்த தெலுங்குப் படமான "ஆதித்யா 369"-இல் கதைமாந்தர் கால இயந்திரமேறிக் கிருஷ்ணதேவராயர் ஆண்ட 1526-க்கும், பின்னர் 2504-க்கும் செல்கின்றனர். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே 978 ஆண்டுகள் உள்ளன. ஆயினும் பயணம் செய்தவர் அத்தனை ஆண்டு மூப்படைவதில்லை. 2015-இல் வந்த "இன்று நேற்று நாளை" படத்தில் 2065-இல் செய்யப்பட்ட இயந்திரம் 50 ஆண்டு பின்னோக்கி வந்து சேர்கிறது. 2021-இல் வந்த "மாநாடு" படத்திலோ ஒரே நாள் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. நாட்காட்டி நகரவில்லை, நாயகனின் நினைவு மட்டும் வளர்கிறது. அங்கே நாட்காட்டிக் காலம் ஒரு நாள்; சொந்தக் காலமோ பல நாட்கள்.

இயற்கை இடம்தருவது எது?

பின்னோக்கிச் செல்லும் பயணத்திற்குச் சோதனைச் சான்று எதுவும் இல்லை. ஆனால், இருவருடைய கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடக்கூடும் என்பது மெய்யானது. ஐன்ஸ்டைன் 1905-இலும் 1915-இலும் வெளியிட்ட சார்புக் கொள்கைகள் இதனை விளக்குகின்றன.

ஆனேக்கலில் பிறந்த இரட்டையர் இருவரை எடுத்துக்கொள்வோமாயின், ஒருவர் ஊரிலேயே தங்க, மற்றவர் ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்துடன், 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா சென்டாரி விண்மீனை அடைந்து உடனே திரும்புவதாகக் கொள்க. ஊரில் கழியும் காலம் 8.48 ÷ 0.8, அதாவது 10.6 ஆண்டு. பயணியின் கடிகாரம் இந்த வேகத்தில் 0.6 பங்காகவே ஓடும். ஆகவே அவருக்கு ஏறக்குறைய 6.4 ஆண்டே கழிந்திருக்கும். திரும்பி வருபவர் தம் உடன்பிறந்தாரைவிட நான்காண்டுக்கு மேல் இளையவராயிருப்பார்.

ஈர்ப்பு விசையும் கடிகாரத்தை மெதுவாக்கும். 2014-இல் வந்த "இன்டர்ஸ்டெல்லர்" படத்தில், கருந்துளையை அடுத்த ஒரு கோளில் கழியும் ஒரு மணி பூமியில் ஏழாண்டாகிறது. அளவு கற்பனையெனினும் அடிப்படை விதி கற்பனையன்று. வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், வேகம், ஈர்ப்பு ஆகிய இரண்டின் விளைவையும் கூட்டிக் கழித்தால், நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி முந்துகின்றன. இதனைத் திருத்தாவிடில் இடங்காட்டும் கணக்கு ஒரே நாளில் பல கிலோமீட்டர் பிழைபடும்.

திரை மறைக்கும் காலம்

காலத்தைச் சுருக்குவது கலையின் உரிமை. எனினும், சுருக்கப்பட்டது எது என்பதை இளைஞர் உணராவிடில் விஞ்ஞானப் பணியைப் பற்றியே தவறான எண்ணம் வேரூன்றும். திரையில் செவ்வாய்க்கு அருகிலுள்ளவரும் பூமியிலுள்ளவரும் எதிரெதிரே அமர்ந்தவர் போல் பேசக்கூடும். மெய்யாக, 2013 நவம்பர் 5-இல் ஏவப்பட்ட மங்கள்யான் 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தபோது, அதன் சமிக்ஞை பூமியை எட்ட ஏறக்குறைய பன்னிரண்டரை நிமிடம் ஆயிற்று. எனவே கட்டளைகள் முன்கூட்டியே கலத்தில் பதிக்கப்பட்டிருந்தன. பெங்களூருவை அடுத்த பையலாலுவில் 32 மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கி, இத்தகைய தொலைதூரக் கலங்களின் மெல்லிய சமிக்ஞைகளைப் பெறுகிறது.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் தரையிறங்கி நிலவில் மோதி அழிந்தது. 2023 ஆகஸ்டு 23-இல் சந்திரயான்-3 பத்திரமாகத் தரையிறங்கியது. ஏவியபின் பயணம் 40 நாட்களே. ஆனால் பிழையை ஆராய்ந்து, திருத்தி, மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்த இடைக்காலம் நான்காண்டுக்குச் சற்றே குறைவு. திரைப்படம் ஒரு பாட்டுக்குள் கடந்துவிடக்கூடிய அந்த நான்காண்டே விஞ்ஞானத்தின் பெரும்பகுதி. அதனை அறிந்த மாணவன் முதல் தோல்வியில் மனம் தளரமாட்டான். அதனை அறிந்த குடிமகனும், பொதுப்பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சி உடனே பலன் தரவில்லையென அதனைப் பழிக்கமாட்டான்.

பயிற்சி

1. தாம் கண்ட ஒரு விஞ்ஞானக் கதைப் படத்தின் ஓடும் நேரம், நாட்காட்டிக் காலம், சொந்தக் காலம் ஆகிய மூன்றையும் மாணவர் அட்டவணைப்படுத்துக.

2. ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்துடன் செல்லும் கலத்தின் கடிகாரம் 0.8 பங்காக ஓடும். ஊரில் 10 ஆண்டு கழியின், பயணிக்குக் கழிவது எத்துணை ஆண்டு?