திரைப்படமும் நம் வாலிபப் பிள்ளைகளும்

தியானப் பகுதி: லூக்கா 10:25–37, ரோமர் 12:17–21



நம் பிள்ளைகள் சினிமா பார்க்கலாமா, கூடாதா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் கொட்டகைப் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டால் வீட்டில் அந்தப் பேச்சு முடிந்துவிடும். இன்று கொட்டகையே பிள்ளையின் கைபேசிக்குள் வந்துவிட்டது. தடை மட்டும் போட்டால், மறைவில் பார்ப்பார்கள். பார்த்ததைப் பற்றி நம்மிடம் பேசவும் மாட்டார்கள். இந்த மௌனம்தான் நமக்குப் பெரிய நஷ்டம். ஆகவே, பார்த்ததை விசுவாசத்தின் வெளிச்சத்தில் எப்படி நிதானிப்பது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது நம் கடமை.

இதற்கு வேதத்தில் நல்ல மாதிரி உண்டு. பவுல் அத்தேனே பட்டணத்தின் விக்கிரகங்களைக் கண்டு ஆவியில் வைராக்கியமடைந்தார். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகவில்லை. அவர்களுடைய பலிபீடத்தின் எழுத்தை வாசித்தார். அவர்களுடைய புலவர்கள் சொன்னதையே எடுத்துப் பேசி, அங்கிருந்து அவர்களைத் தேவனிடத்திற்கு நடத்தினார் (அப்போஸ்தலர் 17:16–31). நாமும் நம் பிள்ளைகள் நன்கு அறிந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு படம்

2017 தீபாவளிக்கு வெளிவந்த 'மெர்சல்' படத்தைப் பார்க்காத வாலிபர் நம் சபைகளில் குறைவு. விஜய் மூன்று வேடங்களில் நடித்த படம். ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் மாறன் அதில் ஒருவர். அவருடைய தாய் பிரசவத்தில் இறந்துபோகிறாள். பண ஆசை பிடித்த ஒரு டாக்டர் தேவையின்றி அறுவை சிகிச்சைக்கு உட்படுத்தி, மயக்க மருந்தை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்ததால் வந்த மரணம் அது. தகப்பனும் கொல்லப்படுகிறார். பிள்ளைகள் வளர்ந்து, காரணமானவர்களைப் பழிவாங்குகிறார்கள். இதுவே கதை.

வில்லனுக்கு டேனியல் ஆரோக்கியராஜ் என்று கிறிஸ்தவப் பெயர் வைத்தார்களே என்று நம்மில் சிலருக்கு வருத்தம் உண்டு. அதோடு நின்றுவிட்டால் நம் பிள்ளைகளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. படத்தில் நல்லது எது என்று முதலில் கேட்போம். ஏழைக்கு வைத்தியம் கிடைக்க வேண்டும், நோயாளியின் வேதனையை வியாபாரமாக்கக் கூடாது என்கிற ஏக்கம் நல்லது. மிஷன் மருத்துவமனைகளைத் தாங்குகிற உங்களுக்கு அந்த ஏக்கம் புதிதல்ல. அதைக் கண்டு ஒரு பிள்ளை கண்கலங்கினால் கடிந்துகொள்ளாதிருங்கள்.

அடுத்து, இந்தப் படம் நம்மை எதற்கு ஆசைப்பட வைத்தது என்று கேட்க வேண்டும். முடிவு நெருங்கும்போது பார்க்கிறவரின் மனம் எதை எதிர்பார்க்கிறது? நோயாளி பிழைக்க வேண்டும் என்பதையா, வில்லன் சாக வேண்டும் என்பதையா? இரக்கத்தில் தொடங்கிய கதை நம் கையைப் பிடித்து, கொலைக்குக் கைதட்டும் இடம் வரை கொண்டுபோய் விட்டுவிடுகிறது. இதைப் பிள்ளை தானாகவே கண்டுகொண்டால், பாதிப் பாடம் முடிந்தது.

இன்னொரு கதை

இப்போது லூக்கா 10-ஆம் அதிகாரத்தைத் திறப்போம். அங்கேயும் ஒருவன் அநியாயமாய் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறான். கள்ளர் தப்பிப் போனார்கள். சமாரியன் அவர்களைத் துரத்தினானா? இல்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மிகுதியான செலவையும் தானே ஏற்றுக்கொண்டான். கள்ளருக்கு என்ன நேர்ந்தது என்று ஆண்டவர் சொல்லவேயில்லை. கதை முழுவதும் காயப்பட்டவனோடேயே நிற்கிறது.

ஒரே துக்கம், வேறு வழி

நம் மண்ணிலேயே நடந்த ஒரு சம்பவமும் உண்டு. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனெரியாக ஊழியம் செய்ய மனமில்லாதவராகவே வாலிபப் பருவத்தில் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவிமாருக்கு உதவி கேட்டு அவரிடம் வந்தார்கள். அவருடைய தகப்பனார் டாக்டர். ஆனால் ஆண் வைத்தியர் வரக்கூடாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். மூன்று தாய்மாரும் மரித்தார்கள்.

அங்கே கொலைகாரன் என்று ஒருவன் இல்லை. ஒரு வழக்கமே அந்தப் பெண்களைக் கொன்றது. ஆகவே இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. ஆனாலும் பிரசவத்தில் ஒரு தாய் மரிக்கிற துக்கம் ஒன்றுதான். அந்தத் துக்கம் ஐடாவை வைத்தியம் படிக்க அனுப்பியது. 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தார். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே. இந்த இரு வழிகளையும் பிள்ளைகள் முன் அருகருகே வையுங்கள். எந்த வழியில் அதிகமான தாய்மார் பிழைத்தார்கள் என்று அவர்களே சொல்லட்டும்.

அப்படியானால் நியாயம் வேண்டாமா?

நல்ல வாலிபன் இதைக் கேட்பான், கேட்க வேண்டும். பழிவாங்குதலைத் தேவனிடத்தில் விட்டுவிடும்படி ரோமர் 12 சொல்லுகிறது. உடனே 13-ஆம் அதிகாரம், தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரம் ஏற்படுத்தப்பட்டிருக்கிறதென்று சொல்லுகிறது. பழியை விடுவது நியாயத்தைக் கைவிடுவதாகாது.

2021-ல் வந்த 'ஜெய் பீம்' இதற்கு உதவும். காவலில் வைக்கப்பட்டுக் காணாமற்போன கணவனுக்காக ஓர் ஏழைப் பெண் போராடுகிறாள். வழக்கறிஞர் ஆட்கொணர்வு மனுவோடு சென்னை உயர்நீதிமன்றத்திற்குப் போகிறார். 1993-ல் நடந்த ஒரு சம்பவத்தைத் தழுவிய கதை அது. அந்த வழக்கறிஞர் பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு. கோபம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் அது சாட்சியையும் உண்மையையும் தேடுகிறது. அதில் வரும் சித்திரவதைக் காட்சிகள் மிகக் கடுமையானவை. சிறு பிள்ளைகளுக்கு அது ஏற்றதல்ல.

வீட்டிலும் வாலிபர் கூட்டத்திலும்

1. தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 2024-ல் வந்த விதிகளின்படி யுஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

2. கூடுமானவரை உடன் அமர்ந்து பாருங்கள். நடுவில் பிரசங்கம் வேண்டாம்; முடிந்தபின் பேசுங்கள்.

3. நான்கு கேள்விகள் போதும். இதில் உண்மையும் நல்லதும் எது? எதற்கு ஆசைப்பட வைத்தது? யாரை மனிதனாகவே எண்ணாமல் விட்டுவிட்டது? ஆண்டவர் இந்தக் கதைக்குள் வந்தால் எந்த இடத்தில் நிற்பார்?

4. பதிலை நாம் முந்திச் சொல்லாமல், அவர்கள் சொல்வதை முதலில் பொறுமையோடு கேளுங்கள்.

பிரியமானவர்களே, இன்று படம் பார்க்கிற இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை நர்சுகளாக, டாக்டர்களாக, போலீஸ்காரர்களாக நிற்பார்கள். தங்களுக்குத் தீங்கு செய்தவனே ஒரு நாள் அடிபட்டு அவர்கள் முன் கிடத்தப்படலாம். அந்த நேரத்தில் அவர்கள் கை எந்தக் கதையின்படி நீளும்? காயத்தைக் கட்டுகிற கையாக அது இருக்கும்படி அவர்களுக்காக ஜெபிப்போம். இந்த வாரமே ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து, கடைசியாகப் பார்த்த படம் எது என்று அன்போடு கேட்போம். கர்த்தர் நம்மையும் நம் பிள்ளைகளையும் நடத்துவாராக.