இஃப் வரிக்குள் என்ன வருகிறது?

பிறர் எழுதி வைத்த பிஎச்பி கோடைப் பராமரிப்பதுதான் என் அன்றாட வேலை. ஒருவர் எழுதி, இன்னொருவர் ஒட்டுப்போட்டு, மூன்றாமவர் பாதியில் விட்டுப்போன கோடு. அதில் வரும் புகார்களைத் துரத்திக்கொண்டு போனால், பெரும்பாலும் ஏதாவது ஓர் இஃப் வரியில் போய் முட்டும். அந்த வரியை மட்டும் தனியாகப் படித்தால் குற்றம் சொல்ல எதுவும் இருக்காது. அதற்குள் வந்து விழும் மதிப்புதான் எழுதியவர் நினைத்ததாக இருக்காது. அதனால் கண்டிஷனில் கைவைப்பதற்கு முன், அதற்குள் வரும் மதிப்பை முதலில் ஒழுங்குபடுத்திவிடுகிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு பழக்கத்திலிருந்து கிளைத்தவைதான்.

பூஜ்யத்தை ஏற்காத ஃபார்ம்

ஒரு கல்லூரியில் இன்டர்னல் மார்க் பதிவுசெய்யும் பக்கம். மொத்தம் 25 மதிப்பெண். ஆசிரியர் 0 என்று போட்டுச் சேமித்தால், ‘மதிப்பெண்ணை நிரப்பவும்’ என்று சிவப்பு எழுத்தில் வரும். விசாரிக்கப் போன என்னிடம் ஓர் ஆசிரியை, “0.0-ன்னு போடுங்க சார், வாங்கிக்கும்” என்று வழி சொல்லிக்கொடுத்தார். துறை முழுக்க அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோடில் இருந்தது ஒரே ஒரு சோதனை: எம்ப்டி என்ற சொல்லால், மதிப்பெண் காலியா என்று பார்ப்பது. பிஎச்பியின் எம்ப்டிக்கு மனசு பெரியது. ஃபீல்டு வரவே இல்லை என்றாலும் காலி, வெற்று ஸ்ட்ரிங்கும் காலி, நல்லும் காலி, ஃபால்ஸும் காலி, உறுப்பே இல்லாத அர்ரேயும் காலி. எண் 0, ஸ்ட்ரிங்காக வரும் “0” இரண்டும்கூடக் காலிதான். ஆனால் “0.0” என்ற ஸ்ட்ரிங் காலி அல்ல. ஃபார்மில் தட்டுவது எல்லாம் சர்வருக்கு ஸ்ட்ரிங்காகவே வந்து சேருவதால், 0 தடுக்கப்பட்டது, 0.0 உள்ளே போனது.

அந்த ஒற்றைக் கேள்வியை மூன்றாகப் பிரித்தேன். ஃபீல்டு வந்ததா? ஓரத்து இடைவெளிகளை நீக்கியபின் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அது 0 முதல் 25 வரையுள்ள முழு எண்ணா? மூன்றாவதற்கு ஃபில்டர் வார் ஃபங்ஷன் போதும். சரியான எண் என்றால் அந்த எண்ணையும், இல்லாவிட்டால் ஃபால்ஸையும் கொடுக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். சரியான பதிலாகவே 0 வரலாம் என்பதால், ‘கிடைத்தது ஃபால்ஸ்தானா’ என்று மூன்று சமக்குறி போட்டுத்தான் கேட்க வேண்டும். வெறும் இஃபுக்குள் போட்டால் பழைய கதைதான். இன்னொன்று, இந்தச் சோதனை 0.0-ஐ மட்டுமல்ல, 07-ஐயும் ஏற்காது. திருத்தம் போன மறுநாளே, “0.0 வாங்க மாட்டேங்குது” என்று புகார் வந்தது. இப்போது பிழைச்செய்தியிலேயே ‘0 முதல் 25 வரை முழு எண்ணாக, முன்னால் பூஜ்யம் சேர்க்காமல்’ என்று எழுதியிருக்கிறது.

இரண்டு சமக்குறியா, மூன்றா?

இரண்டு சமக்குறி போட்டால் பிஎச்பி, வகையை மாற்றிப் பார்த்துத்தான் ஒப்பிடும். மூன்று போட்டால் வகையும் மதிப்பும் ஒன்றாக இருந்தால் மட்டுமே ட்ரூ. பிஎச்பி 7 வரை, எண் 0-ஐ எழுத்தால் ஆன எந்த ஸ்ட்ரிங்கோடு இரண்டு சமக்குறியில் ஒப்பிட்டாலும் ட்ரூ வந்துவிடும். 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8 இதை மாற்றியது. பழைய கோடை 8-க்கு ஏற்றும்போது, எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் ஒரு கண்டிஷன் தலைகீழாகிவிட இது போதும். ஆகவே பதிப்பை ஏற்றுவதற்கு முன் இரண்டு சமக்குறி உள்ள வரிகளைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

8-க்கு வந்தாலும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. “1e3”, “1000” என்ற இரண்டு ஸ்ட்ரிங்குகளும் எண்களாகப் படிக்கக்கூடியவை என்பதால் இன்றும் சமம். இதே காரணத்தால், 0e என்று தொடங்கி அதன்பின் இலக்கங்கள் மட்டுமே வரும் இரு வேறு ஹேஷ்களும் சமமாகிவிடும். இரண்டுமே கணக்கில் பூஜ்யம்தானே! பாஸ்வேர்டைச் சரிபார்க்க மொழியிலேயே பாஸ்வேர்ட் வெரிஃபை இருக்கிறது, ஹேஷை ஒப்பிட ஹேஷ் ஈக்வல்ஸ் இருக்கிறது. அங்கே சமக்குறிக்கே வேலை இல்லை.

மூன்று சமக்குறிக்குப் பழகியவர்களும் இரண்டு இடங்களில் வழுக்குவதைப் பார்க்கிறேன். இன் அர்ரே ஃபங்ஷன் இயல்பாகத் தளர்வாகத்தான் ஒப்பிடும். மூன்றாவது ஆர்குமென்டாக ட்ரூ கொடுத்தால்தான் கறாராகும். ஸ்விட்சும் தளர்வுதான். பிஎச்பி 8-ல் வந்த மேட்ச் கறாராக ஒப்பிடும். எதுவும் பொருந்தாமல், டிஃபால்ட்டும் இல்லாமல் போனால் பிழையை எறியும். அமைதியாகக் கடந்து போகாததால், புதிதாக எழுதும் இடங்களில் மேட்சையே போடுகிறேன்.

ஸ்டர்பாஸையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தேடிய சொல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும்; முதலிலேயே இருந்தால் 0, இல்லவே இல்லையென்றால் ஃபால்ஸ். ‘லிங்க் இருந்தால் தடு’ என்று இதை நேராக இஃபுக்குள் போட்ட ஒரு கருத்துப்பெட்டி, நடுவில் இருந்த லிங்க்குகளை எல்லாம் பிடித்தது. லிங்க்கிலேயே தொடங்கிய செய்திகளை விட்டுவிட்டது. 8-ல் ஸ்டர் கன்டெய்ன்ஸ் வந்துவிட்டது. அதன் பதில் ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டுமே.

பிரவுசர் பக்கம் வேறு சட்டம்

ஒரே பக்கத்துக்கு பிஎச்பியும் ஜாவாஸ்கிரிப்ட்டும் சேர்த்து எழுதுகிறவர்கள், சோதனைகளை அங்கிருந்து இங்கே அப்படியே பெயர்க்கக் கூடாது. “0” என்ற ஸ்ட்ரிங் பிஎச்பியின் இஃபில் ஃபால்ஸ், ஜாவாஸ்கிரிப்ட்டில் ட்ரூ. காலி அர்ரேயும் அப்படியே. “false” என்று எழுத்தாக வந்தால் இரண்டிலுமே ட்ரூ! ஃபார்மை அனுப்பும்போது, டிக் செய்யாத செக்பாக்ஸ் சர்வருக்கு ‘இல்லை’ என்று வராது, வரவே வராது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் இயல்பு மதிப்பாக 1 கொடுக்க || குறியைப் போட்டால், கூடையில் 0 என்று இருந்த எண்ணிக்கை 1 ஆகிவிடும். 2020-ல் அந்த மொழிக்கு வந்த ?? குறி, நல்லோ அன்டிஃபைன்டோ வந்தால் மட்டுமே மாற்று மதிப்பைத் தரும், 0-ஐத் தொடாது.

கடைசி எல்ஸ்

என்னை அதிகம் அலையவைத்தது கடைசி எல்ஸ்தான். விண்ணப்பத்தின் நிலை மூன்று: நிலுவை, ஏற்பு, நிராகரிப்பு. முதல் இரண்டுக்கும் இஃப் எழுதி, மிச்சம் நிராகரிப்புதானே என்று எல்ஸில் விட்டிருப்பார்கள். ஆறு மாதம் கழித்து ‘நிறுத்திவைப்பு’ என்று நான்காவது நிலை சேரும். சேர்த்தவருக்கு இந்த இஃப் இருப்பதே தெரியாது. நிறுத்திவைத்தவர்களுக்கெல்லாம் நிராகரிப்பு மின்னஞ்சல் போகும். தெரிந்த நிலை ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி வரி எழுதுங்கள். எல்ஸ், தெரியாத மதிப்பு வந்தால் கூச்சல் போடுவதற்கு மட்டும். அனுமதி தொடர்பான இடமென்றால் எல்ஸின் பதில் எப்போதும் ‘அனுமதி இல்லை’தான்.

ஒரே வரிதானே என்று அடைப்புக்குறியை விடாதீர்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய பாதுகாப்புப் பிழை இப்படி வந்ததுதான். சி மொழியில், அடைப்புக்குறி இல்லாத இஃபின் கீழ் ‘கோடூ ஃபெயில்’ வரி இரண்டு முறை இருந்தது. இரண்டாவது வரி எந்த நிபந்தனையும் இல்லாமல் ஓடி, இணைப்பின் கையொப்பச் சோதனையைத் தாண்டிப் போனது. அடைப்புக்குறிக்குள் இருந்திருந்தால் அந்த இரண்டாவது வரியால் கெடுதல் இல்லை.

டெஸ்டில் எதைப் போடுவது?

ஃபார்ம் மதிப்பைச் சோதிக்கும் ஒவ்வொரு கண்டிஷனுக்கும் ஒரே பட்டியல் வைத்திருக்கிறேன்: வராத ஃபீல்டு, வெற்று ஸ்ட்ரிங், வெறும் இடைவெளி, “0”, “0.0”, “false”, எதிர்மறை எண். அதோடு எல்லையின் இரு பக்கமும்: 24, 25, 26. பிஎச்பியூனிட்டில் அசர்ட் ஈக்வல்ஸுக்குப் பதில் அசர்ட் சேம் போடுங்கள். முன்னது தளர்வான ஒப்பீடு. பிழையை டெஸ்டே மறைத்துவிடும்.

ரிவ்யூவுக்கு ஓர் இஃப் வந்தால், எழுதியவரிடம் நான் முதலில் கேட்பது, “இதுக்குள்ள என்னென்ன மதிப்பு வரலாம்?” என்றுதான். மளமளவென்று பட்டியல் சொன்னால் மேலே படிக்கிறேன். “வராதுண்ணா” என்று தொடங்கினால், அது எந்த மதிப்போ அதையே டெஸ்டில் முதல் வரியாகப் போடச் சொல்கிறேன்.