பூசுமுன் பாரும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கனகராயன்குளத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை தொடங்கப் போகிறேன், வீடுகளுக்குப் போகும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர். தடுப்பூசி, நிறை, கர்ப்பிணிப் பதிவு எல்லாம் உமக்குப் படிப்பித்திருப்பார்கள். நான் சின்ன விஷயம் ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்: தோலுக்குக் காப்பாகப் பூசும் களிம்பு. வாஸ்லின், நாக ஒட்சைட்டு கலந்த வெள்ளை ஒயின்மென்ட், இந்த வகை. கடையில் யாரும் வாங்கலாம், ஆபத்தில்லை என்று எல்லோரும் நம்புவதால் அதைச் சரியாகப் பூசச் சொல்லித்தர ஆளில்லை. உம்மைப்போல வேலைக்கு வரும் மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளும். 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளுக்குப் போன ரொபேட் செஸ்புரோ, இயந்திரத் தண்டில் ஒட்டும் மெழுகைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயத்திலும் சுட்ட புண்ணிலும் பூசுவதைக் கண்டார். அதைச் சுத்திகரித்து 1872இல் வாஸ்லினுக்குக் காப்புரிமை எடுத்தார். கிருமியைக் கொல்லும் சரக்கு எதுவும் அதில் இல்லை. தோலுக்கு மேல் படலமாகக் கிடந்து ஈரத்தை மறிக்கும், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் தோல் தன்பாட்டில் ஆறும். உம்முடைய ஊரில் இதைச் சொல்ல லேசு: குளக்கட்டு வெளித்தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே நிற்பதையும் வெளியே விடாது. ஈரத்தோடும் அழுக்கோடும் கிருமியோடும் இருக்கிற தோலில் பூசினால் அவற்றை உள்ளே வைத்துக் கட்டிவிடுகிறீர். சுட்ட புண்ணிலும் அதே கதைதான். சூடு உள்ளே அடைபடும். சுட்ட புண்ணுக்கு முதலில் 20 நிமிடம் ஓடும் தண்ணீர், பிறகு வைத்தியசாலை.

குழந்தைகளில்தான் இது அதிகம் தேவைப்படும். சலமும் மலமும் சேர்ந்தால் தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைகிறது. மலத்திலுள்ள நொதியங்கள் உசாராகித் தோலை அரிக்கின்றன. வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு ஒரே நாளில் பின்பக்கம் சிவப்பது இதனால்தான். பம்பர்ஸ் விலை கட்டுப்படியாகாத வீட்டில் ஒன்றையே நெடுநேரம் விடுவார்கள். துணி கட்டுகிற வீட்டில் சவர்க்காரம் போக அலசாமல் காயப்போடுவார்கள். தாயைக் குறை சொல்லாமல் இரண்டையும் கேட்டறியும்.

பிறகு செய்து காட்டும். வெறும் தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. சில நிமிடம் காற்றாட விட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, வெள்ளைக் களிம்பைத் தோல் மறையும் அளவுக்குப் போர்த்த வேண்டும். அடுத்த முறை மலம் பட்ட மேற்பூச்சை மட்டும் துடைத்துவிட்டு அதன் மேலேயே பூசலாம். ஒவ்வொரு தரமும் சுரண்டிக் கழுவுகிறபோதுதான் புண்படுகிறது. முழுவதும் எடுக்க வேண்டுமென்றால் கொஞ்சம் எண்ணெய் தொட்ட பஞ்சு போதும். பவுடர் வேண்டாம், பிள்ளை அதை மூச்சோடு இழுக்கும்.

பூசுமுன் கால் மடிப்பை விரித்துப் பாரும். ஈரத்தால் வந்த எரிவு, துணி உரசும் மேட்டில் இருக்கும். மடிப்புக்குள் பெரும்பாலும் இராது. மடிப்புக்குள்ளேயே கடும் சிவப்பும் சுற்றிவரச் சின்னச் சின்னப் பருக்களும் இருந்தால் அது பங்கசு. காப்புக் களிம்பு மட்டும் அதை மாற்றாது. பங்கசு மருந்து வேண்டும், வைத்தியரிடம் அனுப்பும்.

வீட்டில் ஏற்கெனவே என்ன பூசுகிறார்கள் என்று கேட்டு, அந்தக் குழாயை வாங்கி எழுத்தைப் படியும். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீரொய்ட். பக்கத்து வீட்டுப் பெரியவரின் படைக்குக் கொடுத்தது பிள்ளையின் பின்பக்கத்துக்கு வந்திருக்கும். பம்பர்ஸின் மூட்டத்துக்குள் அது கூடுதலாக உடம்பில் சுவறும், தோலும் மெலியும். முதல் நாள் சிவப்பு குறைவதால் தாய்க்கு அதில்தான் நம்பிக்கை. ஏன் கூடாது என்று பொறுமையாகச் சொல்லும்.

பிள்ளையைப் பார்க்கப் போன வீட்டில் பெரியவர்களையும் காட்டுவார்கள். 2009 வரை நடந்த போர் உம்முடைய பிரதேசத்தில் பலரைச் சக்கர நாற்காலியில் விட்டிருக்கிறது. ஏ9 வீதியில் வடக்கே மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை, முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான அமைப்பு. நேரம் எடுத்து ஒருமுறை போய்வாரும். உணர்வில்லாத உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்களைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. எரிகிறது, நோகிறது என்று அவர்களுடைய தோல் சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும். சலம் பட்டு வந்த எரிவுக்குக் காப்புக் களிம்பு உதவும். எலும்பு முட்டும் இடத்தில், அழுத்தத்தால் வந்த சிவப்புக்கு அது உதவாது. அந்த இடத்தை விரலால் சில விநாடி அழுத்தி எடும். வெளிறிப் பிறகு நிறம் திரும்பினால் நல்லது. வெளிறாமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண்ணின் தொடக்கம். எங்களுடைய கறுத்த தோலில் சிவப்பும் வெளிறலும் தெளிவாகத் தெரியா; கருநீலமாகவோ ஊதாவாகவோ தெரியும். பகல் வெளிச்சத்தில் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு, புறங்கையால் சூடும் விரலால் இறுக்கமும் பாரும். அழுத்தத்தால் வந்ததற்கு மருந்து, அந்த இடத்தில் பாரம் விழாமல் செய்வதுதான். உரசித் தேய்க்க விடாதீர். பெரியவர்களின் பம்பர்ஸுக்குள் வாஸ்லினை மெல்லிதாகவே பூச வேண்டும்; தடிப்பாகப் பூசினால் அது பஞ்சில் அப்பி, ஈரம் உறிஞ்சாமல் செய்துவிடும். பொய்க்கால் போடுகிறவர் இரவில் கழற்றிய பிறகு பூசட்டும், காலையில் போடுமுன் வேண்டாம்.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். களிம்பு ஊறிய துணி சட்டென்று பற்றி, வேகமாக எரியும். துவைத்தாலும் முழுவதும் போகாது. பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் எல்லா வகைத் தோல் மென்மையூட்டிகளுக்கும் இந்த எச்சரிக்கையை விடுத்தது. விறகடுப்புக்கு முன்னால் சாரத்தோடு இருப்பவர், கட்டிலில் சுருட்டுப் பிடிப்பவர், படுக்கையோடு ஒட்டிக் குப்பிவிளக்கும் நுளம்புச்சுருளும் வைக்கிற வீடு எல்லாம் நீர் பார்க்கப் போகிறவைதான். களிம்பைக் கொடுக்கிற அன்றே அதையும் சொல்லும்.

டப்பாவுக்குள் விரலை விட வேண்டாம். சுத்தமான கரண்டிக் காம்பால் எடுக்கச் சொல்லும். ஒரு டப்பா ஒருவருக்குத்தான். புதுக் களிம்பென்றால் முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி ஒரு நாள் பார்க்கலாம். வாசனைச் சரக்கும் ஆட்டுமயிர்க் கொழுப்பும் சிலருக்கு ஒத்துவராது. சீழ், கொப்புளம், ஆழமான புண், கடிகாயம் இவற்றின் மேல் பூசவே வேண்டாம்.

கடைசியாக, கொப்பியில் திகதியையும் எந்த இடம், எவ்வளவு அகலம் என்பதையும் குறித்து வையும். மூன்றாம் நாள் திரும்பப் போம். குறைந்திருந்தால் தொடரச் சொல்லும். குறையாவிட்டாலோ பரவியிருந்தாலோ களிம்பை மாற்றிப் பார்க்காமல் வைத்தியசாலைக்கு அனுப்பும். பூசிய குழாயையும் கொண்டுபோகச் சொல்லும். இடையில் காய்ச்சல் வந்தாலோ பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ மூன்றாம் நாளுக்குக் காத்திருக்கக் கூடாதென்று தாய்க்கு முதல் நாளே சொல்லிவிட்டு வாரும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி அக்கா