உருளைக்கிழங்குச் சாலட்டும் தயிர்க் கலவையும்

நீலகிரி மலையில் உருளைக்கிழங்கு அறுவடை முடிந்ததும், விவசாயிகள் அதைத் தரம் பிரித்து மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு அனுப்புகின்றனர். நல்ல விலை கிடைக்காத சிறு கிழங்குகள் பல வேளைகளில் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. இவை அளவில் சிறியனவேயன்றிச் சத்தில் குறைந்தன அல்ல. இவற்றைக் கொண்டு சாலட் என்னும் குளிர்ந்த பச்சடியைத் தயாரிக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

மேல்நாடுகளில் வெந்த கிழங்குடன் மயோனீஸ் என்ற கலவையைச் சேர்ப்பது வழக்கம். பச்சை முட்டையின் மஞ்சட்கருவையும் எண்ணெயையும் அடித்து அதனைச் செய்கின்றனர். பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். வெப்பத்தில் அது விரைந்து பெருகி வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும். இதனை முன்னிட்டே, பச்சை முட்டையினால் செய்யப்படும் மயோனீஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை விதித்தது. ஆகவே, முட்டைக்குப் பதிலாகத் தயிரைப் பயன்படுத்துவதே நமக்கு உகந்தது.

முதலில் கிழங்கைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை நிறமடைந்த கிழங்கிலும், முளைகளிலும் சொலனின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருக்கும். வேகவைப்பதனால் இது நீங்குவதில்லை. அத்தகைய கிழங்கைத் தள்ளிவிட வேண்டும். மருந்திட்ட விதைக் கிழங்கில் எஞ்சியதை ஒருபோதும் சமைக்கலாகாது. உணவுக்குரிய கிழங்கை இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் நலம்.

ஐந்து பேருக்குத் தேவையான பொருள்கள்: கிழங்கு 500 கிராம், காய்ச்சிய பாலில் உறைந்த கெட்டித் தயிர் 250 மில்லி, கடலை எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கடுகு, மிளகு வகைக்கு அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, சிறிய வெங்காயம் ஒன்று, கொத்துமல்லி, உப்பு தேவையான அளவு.

தயிரைத் தூய துணியில் முடிந்து, குளிர்ந்த இடத்தில் ஒரு மணி நேரம் தொங்கவிடுக. வடியும் நீரை வீணாக்காமல் ரசத்தில் சேர்க்கலாம். ஒரே அளவான கிழங்குகளைக் கழுவி, தோலுடன், உப்பிட்ட குளிர்ந்த நீரில் இட்டு அடுப்பேற்றுக. தோலுடன் வேகும்போது வைட்டமின் ‘சி’ சத்து நீரில் கரைந்து வீணாவது குறையும். கொதி வந்தபின் சுமார் 20 நிமிடங்களில் சிறு கிழங்கு வெந்துவிடும். சூடாக இருக்கையிலேயே தோலுரித்து, நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் தெளித்தால், சுவை உள்ளே ஊறும். பின்னர் அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆறவிட வேண்டும்.

கடுகையும் மிளகையும் நன்கு பொடித்துத் தயிரில் சேர்த்து, எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கடைக. எண்ணெய் பிரிந்துவிடாமல் இருக்கக் கடுகு துணைபுரியும். கிழங்கு முற்றிலும் ஆறிய பின்னரே கலவையைச் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் தயிர் திரிந்து நீர்விடும். தூய நீரில் கழுவி நறுக்கிய வெங்காயத்தையும் கொத்துமல்லியையும் இறுதியில் கலக்கலாம்.

தயிரின் புளிப்பு இருக்கிறதென்று இவ்வுணவை நாள் முழுதும் வெளியில் வைக்கலாகாது. ஆறிய கிழங்கை 2 மணி நேரத்துக்குள்ளும், கடும் வெயில் காலத்தில் 1 மணி நேரத்துக்குள்ளும் உண்டுவிட வேண்டும். ஊர்ப் பொது விருந்துகளில் இதனைப் பரிமாறும்போது, சமைத்த நேரத்தைக் குறித்துவைக்கவும், மிஞ்சியதை அகற்றவும் ஒருவரைப் பொறுப்பாக்குவது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இவ்விதியில் விலக்கு வேண்டாம். கெட்ட உணவினால் அதிகம் துன்புறுவோர் அவர்களே.

உழைத்து விளைவித்த கிழங்கு வீணாகாமலும், உண்பவர் உடலுக்குத் தீங்கு நேராமலும் காப்பது நம் கையிலேயே உள்ளது. அடுத்த அறுவடையில் ஒதுங்கும் சிறு கிழங்குகளைக் கொண்டு இதனைச் செய்து பார்ப்போமாக.