எட்டு பர்சென்ட் எங்கே போனது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் மேனேஜராகச் சேர்ந்த புதிது. வாஷ் முடிந்து வந்த முதல் டி-சர்ட்டை டேப் வைத்து அளந்தேன். 72 செ.மீ. வரவேண்டிய நீளம் 70-ஐக்கூடத் தொடவில்லை. அதற்குள் 3,000 பீஸ் வெட்டி முடித்திருந்தார்கள்.

கட்டிங் மாஸ்டரிடம் ஓடினேன். அவர் டிராயரைத் திறந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து விரித்தார். 50 செ.மீ. குறித்துத் துவைத்துக் காயவைத்த துணி. இப்போது கோட்டுக்குக் கோடு 46தான் இருந்தது.

"எட்டு பர்சென்ட் சுருங்குதுங்க சார். பேட்டர்ன்ல அஞ்சுதான் விட்டிருக்கு. முந்தாநாளே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டனுங்க. பதிலே வரலை. வெட்டுங்கன்னாங்க, வெட்டிட்டேன்."

விசாரித்தேன். "சுருக்கம் கொஞ்சம் கூட இருக்குதாம்" என்று இன்சார்ஜிடம் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். இன்சார்ஜ் என்னிடம் சொன்னது எனக்கே நினைவிருந்தது: "துணி பரவாயில்லைங்க சார், பார்த்துக்கலாம்." யாரும் பொய் சொல்லவில்லை. ஷிப்மென்ட் நெருங்கும் நேரத்தில் கெட்ட சேதி கொண்டுவருகிறவருக்குத்தான் முதல் திட்டு விழும். அந்தப் பயத்தில் ஆளுக்குக் கொஞ்சம் மழுக்கியிருக்கிறார்கள். எட்டு என்ற எண் முதல் படியிலேயே உதிர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து வாய்ச்சொல்லை நம்புவதில்லை. ரோல் நம்பர் எழுதிய அந்தத் துணித்துண்டே என் மேசைக்கு வரவேண்டும். நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும்வரை வெட்டுவதற்குத் துணியை அடுக்கி விரிக்கக் கூடாது. சொன்னவருக்குப் பதில் போய்ச் சேர்வதுதான் இதில் முக்கியம் என்பேன்.

மேலிருந்து கீழே வரும் சேதிக்கு வேறு சிக்கல். பையரின் மெயில் ஆங்கிலத்தில் வரும். மாறிய அளவைத் தமிழில் எழுதி கட்டிங் டேபிளில் ஒட்டுங்கள். பழைய தாளை நீங்களே கிழித்தெடுங்கள். அது அங்கேயே இருந்தால் கண் அதைத்தான் பார்க்கும்.

கீழிருந்து மேலே சேதி உடனே போக, டொயோட்டா ஆலைகளில் கோளாறைக் கண்ட தொழிலாளி இழுப்பதற்கென்றே கயிறு வைத்திருந்தார்கள். இழுத்தால் உடனே ஆள் வருவார். அதேபோல் நாங்கள் ஒவ்வொரு தையல் லைனிலும் சிவப்புக் கொடி வைத்தோம். ஒரு வாரம் யாருமே தூக்கவில்லை. காரணத்தைச் செக்கிங் அக்கா ஒருவர்தான் சொன்னார்: "லைன் நின்னா அந்த மணிநேரக் கணக்கு குறையுங்க சார். திட்டு எங்களுக்குத்தானே?"

கொடி தூக்கிய மணிநேரத்துக்கு போர்டில் கணக்கு எழுத வேண்டாம் என்றேன். மறுநாள் காலை பத்தரைக்கு அதே அக்கா கொடி தூக்கினார். கழுத்து ரிப் முறுக்கியிருந்தது. அதுவரை தைத்தது நாற்பதே பீஸ்.